லிப்போ பேட்டரி: அளப்பதிலும் சார்ஜ் போடுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ட்ரோன், ஆர்சி (ரிமோட்டில் இயங்கும்) விமானம், ஆர்சி கார் என்று எதை ஓட்டினாலும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பற்றி எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள்தான். "2200 எம்ஏஎச் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களே, உள்ளே அவ்வளவு இருக்கிறதா?" என்பது ஒன்று (எம்ஏஎச் என்பது மில்லி ஆம்பியர்-அவர், பேட்டரி எவ்வளவு பிடிக்கும் என்பதன் அளவு). "ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கலாமா?" என்பது அடுத்தது. இரண்டாவதற்குப் பதில் ஒரே சொல்: கூடாது. முதல் கேள்விக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அளக்கிற முறை தப்பானால் நல்ல பேட்டரியும் மோசமாகத் தெரியும், மோசமானதும் நல்லதாகத் தெரியும். இரண்டிலும் நடக்கும் தவறுகளைக் கூர்ந்து பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். பேக்கை ஒற்றைப் பொருளாக நினைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் செல்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

பலரிடமும் இருக்கும் 3எஸ் 2200 எம்ஏஎச் பேக்கையே எடுத்துக்கொள்வோம். 3எஸ் என்றால் வரிசையாக இணைத்த மூன்று செல்கள். ஒவ்வொன்றின் பெயரளவு வோல்டேஜ் 3.7, முழுச் சார்ஜில் 4.20. எனவே பேக்கின் மேல் 11.1 வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள், முழுதாக ஏற்றினால் 12.6 வரும். எந்த செல்லும் 3.0 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. இந்த எல்லைகள் எல்லாமே ஒரு செல்லுக்கானவை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, "செல்லுக்கு 3.7 காட்டுகிறது, அப்படியென்றால் பாதி இருக்கிறது" என்று சொல்வது மிகப் பரவலான தவறு. லிப்போவின் வோல்டேஜ் சீராக இறங்குவதில்லை. 4.2-லிருந்து 3.9 வரை ஓரளவு வேகமாக இறங்கும், அப்புறம் 3.85-க்கும் 3.7-க்கும் இடையே வெகுநேரம் தவழும், அதற்குக் கீழே சட்டென்று விழும். சும்மா வைத்திருக்கும் செல்லில் 3.84 இருந்தால்தான் ஏறக்குறைய பாதி. 3.73 என்றால் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். அதாவது 3.7 காட்டும்போது பேட்டரி காலியாகப் போகிறது என்று அர்த்தம். பறந்து இறங்கிய உடனே அளந்தாலும் கணக்கு தப்பும். லோடு எடுத்தபின் வோல்டேஜ் மெதுவாக மேலேறும், பதினைந்து இருபது நிமிடமாவது விட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் வோல்டேஜ் சொல்வது எத்தனை சதவீதம் மீதி என்பதைத்தான். மொத்தம் எவ்வளவு பிடிக்கும் என்பதை அது சொல்லாது. கிழடு தட்டி 1400 எம்ஏஎச் மட்டுமே பிடிக்கும் பேக்கும் முழுச் சார்ஜில் 12.6 காட்டத்தான் செய்யும்.

அடுத்தது, சார்ஜர் திரையில் கடைசியாகத் தெரியும் எம்ஏஎச் எண்ணைக் கொள்ளளவு என்று எடுத்துக்கொள்வது. அந்த எண் இந்த முறை உள்ளே எவ்வளவு போனது என்பதை மட்டும் காட்டுகிறது. பேட்டரி பாதி நிறைந்திருந்த நிலையில் தொடங்கினால் பாதிதான் காட்டும். பறந்து வந்தபின் ஏற்றும்போது இந்த எண் மிக உபயோகமானது என்பதையும் சொல்ல வேண்டும். 2200 பேக்கில் 1700 திரும்பப் போயிருந்தால், ஐந்தில் நான்கு பங்குக்குள் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். ஆனால் செல்கள் சமமில்லாத பேக்கில் சார்ஜர் பேலன்ஸ் செய்யும்போது (எல்லா செல்களையும் ஒரே வோல்டேஜுக்குக் கொண்டுவரும்போது), உயர்ந்து நிற்கும் செல்லின் சார்ஜை ரெசிஸ்டரில் வீணாக்கித்தான் மற்றவற்றை மேலே கொண்டுவரும். அப்படி வீணானதும் அந்த எண்ணில் சேர்ந்துவிடும்.

கொள்ளளவை அளக்க நேரான வழி ஒன்றே. முழுதாகச் சார்ஜ் செய்து, சற்று ஆறவிட்டு, தெரிந்த மின்னோட்டத்தில், தீர்மானித்த கட்-ஆஃப் (நிறுத்தும் வோல்டேஜ்) வரை இறக்கி, வெளியே வந்ததைக் கணக்கிட வேண்டும். ஐமேக்ஸ் பி6 வகை சார்ஜர்களில் டிஸ்சார்ஜ் வசதி இருக்கிறது. ஒரு ஆம்பியர் என்று அமைத்துவிட்டு, அது ஏன் 0.4-இலேயே நிற்கிறது என்று குழம்புபவர்கள் உண்டு. கோளாறு எதுவும் இல்லை. அந்தக் கருவி டிஸ்சார்ஜில் 5 வாட் மட்டுமே வெப்பமாக வெளியேற்றும், 5-ஐ 11.1-ஆல் வகுத்தால் 0.45 ஆம்பியர். எனவே 2200 பேக்கை இறக்க ஐந்து மணி நேரம் ஆகும். 0.4 ஆம்பியர் என்று அமைத்து, 5 மணி 10 நிமிடத்தில் கட்-ஆஃப் வந்தால் 0.4 பெருக்கல் 5.17, அதாவது சுமார் 2070 எம்ஏஎச். ஸ்டிக்கரில் சொன்னதில் 94 சதவீதம். நல்ல பேக்தான். இதே பேக்கை 20 ஆம்பியரில் இறக்கினால் கட்-ஆஃப் முன்னாலேயே வந்துவிடும், எண்ணும் குறையும். அதனால் ஒருவர் அரை ஆம்பியரில் அளந்த எண்ணையும் இன்னொருவர் 20 ஆம்பியரில் அளந்த எண்ணையும் ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை. கட்-ஆஃப் 3.0-வா 3.3-வா என்பது அவ்வளவு பெரிய வித்தியாசம் தராது, ஏனென்றால் அந்த இடைவெளியில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். நான் 3.3-ஐத்தான் சொல்வேன், செல்லுக்கு நல்லது. எதை வைத்தாலும் ஒவ்வொரு முறையும் அதையே வையுங்கள்.

கையால் செய்து பார்க்கும் ஆர்வமுள்ளவர்கள் ரெசிஸ்டர் வைத்து அளப்பதும் உண்டு. 10 ஓம் ரெசிஸ்டரை 3எஸ் பேக்கில் கொடுத்தால் தொடக்கத்தில் 1.26 ஆம்பியர் போகும், கிட்டத்தட்ட 16 வாட் வெப்பம். கடையில் பத்து வாட் ரெசிஸ்டர் வாங்கி வந்தால் கருகிவிடும். வோல்டேஜ் இறங்க இறங்க மின்னோட்டமும் ஒரு ஆம்பியருக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். தொடக்க எண்ணை மொத்த நேரத்தால் பெருக்கினால் கொள்ளளவு ஊதிப் பெரிதாகத் தெரியும். இதைவிட முக்கியம், ரெசிஸ்டர் தானாக நிற்காது. மறந்துபோனால் பேக் பூஜ்யத்துக்குப் போய்ச் செத்துவிடும்.

எந்த வழியில் இறக்கினாலும் ஒவ்வொரு செல்லிலிருந்தும் தனி வயர் வரும் பேலன்ஸ் கனெக்டரை மாட்டி ஒவ்வொரு செல்லையும் பார்க்க வேண்டும். மொத்தம் 9.9 வோல்ட்டில் நிறுத்தினால் செல்லுக்கு 3.3 என்று நினைப்போம். உள்ளே 3.6, 3.6, 2.7 என்று இருந்தாலும் கூட்டினால் 9.9 தான். அந்த மூன்றாவது செல்லை நாமே கொன்றிருப்போம். பேக்கின் உண்மையான கொள்ளளவு என்பது அதன் பலவீனமான செல்லின் கொள்ளளவுதான்.

எம்ஏஎச்சை மட்டும் பார்த்து ஆற்றலை மறப்பதும் தவறு. 6எஸ் 5000 பேக் என்பது 22.2 பெருக்கல் 5, அதாவது 111 வாட்-அவர். விமானத்தில் கேபின் பையில் அனுமதி கேட்காமல் கொண்டுபோகக்கூடிய எல்லை 100 வாட்-அவர். இதைத் தாண்டினால் முன்கூட்டியே ஏர்லைனிடம் கேட்க வேண்டும். உதிரி பேட்டரியை செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது.

சார்ஜ் போடும்போது

மிக ஆபத்தான தவறு பேட்டரி வகையை மாற்றி அமைப்பது. லிப்போ முறையில் சார்ஜர் முதலில் நிலையான மின்னோட்டத்தைக் கொடுக்கும், செல் 4.20-ஐத் தொட்டதும் வோல்டேஜை அங்கேயே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தும். நிக்கல் பேட்டரிக்கான முறை வேறு. நிறைந்ததும் வோல்டேஜ் லேசாகக் கீழே இறங்கும், அந்த இறக்கத்துக்காகத்தான் சார்ஜர் காத்திருக்கும். லிப்போவில் அந்த இறக்கம் வராது. 4.2 தாண்டி, 4.5 தாண்டி, செல் உப்பித் தீப்பிடிக்கும் வரை ஏறிக்கொண்டே இருக்கும். மிகவும் காலியான லிப்போவை லிப்போ முறையில் சார்ஜர் ஏற்க மறுக்கும்போது, நிக்கல் முறையில் சில நிமிடம் போட்டு 'எழுப்பிவிடலாம்' என்று யோசனை சொல்பவர்கள் நிறைய. தயவுசெய்து செய்யாதீர்கள். வெகுவாக இறங்கிப்போன செல்லுக்குள் தாமிரத் தகடு கரையத் தொடங்கியிருக்கும். மறுபடி ஏற்றும்போது அந்தத் தாமிரம் உள்ளேயே படிந்து ஷார்ட் ஆகலாம். ஒரு பேக்கின் விலைக்காக வீட்டைப் பணயம் வைக்க வேண்டாம்.

எத்தனை எஸ் என்பதையும் கவனியுங்கள். பி6 வகை சார்ஜரில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் 'ஆர்' என்றும் 'எஸ்' என்றும் இரண்டு எண்கள் வரும். முதலாவது சார்ஜர் கண்டுபிடித்த செல் எண்ணிக்கை, இரண்டாவது நீங்கள் அமைத்தது. இரண்டும் பேக்கின் ஸ்டிக்கரோடு ஒத்துப்போனால் மட்டும் உறுதி செய்யுங்கள். பழக்கத்தில் கை தானாக அழுத்திவிடும் இடம் அது.

மின்னோட்டத்துக்கு 1சி, அதாவது பேக்கின் கொள்ளளவு எண்ணுக்குச் சமமான மின்னோட்டம், போதும். 2200-க்கு 2.2 ஆம்பியர், 850-க்கு 0.85. '5சி வரை ஏற்றலாம்' என்று ஸ்டிக்கர் சொன்னாலும் அவசரம் இல்லாதபோது வேண்டாம். சார்ஜர் கடைசியாக வைத்த அமைப்பை நினைவில் வைத்திருக்கும் என்பதுதான் இங்கே பொறி. 5000 பேக்கை 5 ஆம்பியரில் ஏற்றிவிட்டு, அப்படியே 850 பேக்கை மாட்டினால் அது கிட்டத்தட்ட 6சி. சின்ன ட்ரோன்களின் ஒற்றைச் செல்லை டிபி4056 என்ற சின்ன சார்ஜிங் போர்டில் ஏற்றுபவர்களுக்கும் இதே சிக்கல்தான். அந்த போர்டு 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு வருகிறது, ஒரு ஆம்பியர் கொடுக்கும். 250 எம்ஏஎச் செல்லுக்கு அது 4சி. அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 5 கிலோ ஓம் வைத்தால் 250 மில்லி ஆம்பியராகக் குறையும்.

பேலன்ஸ் வயரை மாட்டாமல் வெறும் மெயின் வயரில் ஏற்றுவது எதனால் தப்பு என்று இப்போது விளங்கும். 4.35, 4.25, 4.00 கூட்டினாலும் 12.6 தான். சார்ஜருக்கு எல்லாம் சரியாகத் தெரியும், உள்ளே முதல் செல் எல்லை மீறி நிற்கும். மலிவான சார்ஜர் என்றால் அதன் அளவையே ஒருமுறை நல்ல மல்டிமீட்டரால் சரிபாருங்கள். முடிந்ததும் செல்லுக்கு 4.20-க்கு மேல் நின்றால் அதை நம்பிப் பயன்படுத்தாதீர்கள்.

சார்ஜ் வயரின் வாழைப்பழ பின்களை முதலில் சார்ஜரில் செருகுங்கள், பேட்டரியை அப்புறம் மாட்டுங்கள். மாற்றிச் செய்தால், பேட்டரியில் தொங்கும் இரண்டு பின்களும் மேஜைமேல் ஒன்றையொன்று தொட்ட கணத்தில் பொறி பறக்கும். கனெக்டரை மாற்றி எக்ஸ்டி60 வைக்கும்போதும் சிவப்பையும் கறுப்பையும் ஒரே கத்தரியில் வெட்டக்கூடாது. ஒன்றை வெட்டி, சால்டர் செய்து, மூடி, அதன்பிறகு அடுத்தது. பேரலல் போர்டில் பல பேக்குகளை ஒன்றாகப் போடுபவர்கள், ஒரே எஸ் எண்ணிக்கையா, செல் வோல்டேஜ் 0.1-க்குள் நெருங்கியிருக்கிறதா என்று பார்த்தபின்தான் மாட்ட வேண்டும். நிறைந்த பேக்கும் காலி பேக்கும் சேர்ந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கட்டுப்பாடே இல்லாமல் மின்னோட்டம் பாயும்.

பறந்து வந்த சூட்டோடு ஏற்றாதீர்கள், கை வைத்தால் வெதுவெதுப்பு போயிருக்க வேண்டும். கனடா போன்ற நாடுகளில் குளிரில் வண்டிக்கொட்டகையில் ஏற்றுபவர்களுக்கு எதிர்ப்பக்கத்து எச்சரிக்கை: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படியும், செல் நிரந்தரமாகக் கெடும்.

இடம்? சிமெண்ட் அல்லது டைல்ஸ் தரை, சுற்றிலும் திரைச்சீலை, மெத்தை, காகிதம் எதுவும் இல்லாமல், பக்கத்தில் ஒரு வாளி மணல். லிப்போ பை (பேட்டரியைப் போட்டு வைக்கும் தீ தாங்கும் பை) தீயைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அதை மட்டும் நம்பி அறையைவிட்டுப் போகாதீர்கள். புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும், கிட்டே நின்று சுவாசிக்காமல் எல்லோரையும் வெளியே கூட்டிப்போங்கள். இரண்டு மூன்று நாளில் பறக்கப் போவதில்லை என்றால் ஸ்டோரேஜ் முறையில் செல்லுக்கு 3.80 முதல் 3.85-க்குக் கொண்டுவந்து வையுங்கள். முழுச் சார்ஜோடு வாரக்கணக்கில் கிடக்கும் பேக் சீக்கிரம் உப்பும், அதுவும் மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் என்றால் சொல்லவே வேண்டாம்.

உப்பிய பேக்

உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாக மாறியதால்தான் செல்லின் உறை உப்புகிறது. ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குத்துவதே ஷார்ட். உப்புத் தண்ணீரில் ஊறப்போடும் வழியும் நம்பத்தக்கதல்ல. முனைகள் அரித்துப்போய்த் தொடர்பு அறுந்துவிடும், உள்ளே சார்ஜ் அப்படியே இருக்கும். வண்டியின் இண்டிகேட்டரில் வரும் 12 வோல்ட் 21 வாட் பல்பை வெட்டவெளியில் மாட்டி, எரிந்து அணையும்வரை தள்ளி நின்று கண்காணித்து, மல்டிமீட்டரில் பூஜ்யம் காட்டுவதை உறுதி செய்து, முனைகளை டேப் போட்டு மூடுங்கள். இடிபட்டு நசுங்கிய பேக்கை இந்த வேலைக்குக்கூட வீட்டுக்குள் எடுத்துவர வேண்டாம்.

அதன்பிறகு வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். இந்தியாவில் 2022-இல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகை பேட்டரிகளுக்கும் பொருந்தும், திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் வைக்கின்றன. சார்ஜ் மிச்சமிருக்கும் ஒரு பேக் குப்பை லாரிக்குள் அழுத்தி நசுக்கப்பட்டுத் தீப்பிடித்தால், அதன் பக்கத்தில் நிற்பவர் தூய்மைப் பணியாளர்.