கால் சக்கரம் வாங்கும் முன் உதைத்துப் பாருங்கள்

வீட்டிலேயே மண்பாண்டம் வனைய, காலால் உதைத்துச் சுற்றும் கால் சக்கரம் வாங்கப் போகிறீர்கள் என்றால், முதலில் கீழே இருக்கும் கனத்த சக்கரத்தின் எடையைக் கேளுங்கள். 50 கிலோவுக்கு மேல் இருந்தால் நல்லது; கிளப்பக் கொஞ்சம் சிரமம்தான், ஆனால் வேகம் பிடித்துவிட்டால் காலை எடுத்த பிறகும் மண்ணை நடுவுக்குக் கொண்டுவரும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும், லேசான சக்கரமோ கையை அழுத்தியதுமே தொய்ந்துவிடும். அப்புறம், மண்ணை வைத்து வனையும் மேல்தட்டின் விளிம்பருகே ஒரு பென்சிலை அசையாமல் பிடித்துச் சுற்றிவிடுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் தட்டு ஆடுகிறது என்று அர்த்தம், வேண்டவே வேண்டாம். உட்கார்ந்தும் பாருங்கள், தட்டைவிட இருக்கை தாழ்ந்திருந்தால் தோளைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விடும். பழைய சக்கரமா? பேரிங்கில் கரகர சத்தம் வந்தால்கூட மாற்றிக்கொள்ளலாம், சக்கரத்தையும் தட்டையும் இணைக்கும் தண்டு வளைந்திருந்தால் அதை நிமிர்த்துவதுதான் பெரும்பாடு.