கிட்டாருக்கு ஆம்ப் (சத்தத்தக் கூட்டுற பெட்டி) வாங்குறதுக்கு முன்னாடி கம்பிய மாத்திப் பாருங்க மக்களே

எலக்ட்ரிக் கிட்டார் சத்தம் மந்தமா இருக்கா? மொதல்ல கம்பியத் தடவிப் பாருங்க. எங்க குளச்சல் பக்கம் கடக்காத்துல உப்பு, சாதா செட்டு சீக்கிரமே துருப்பிடிச்சு விரல்ல கறுப்பா ஒட்டும், அப்பமே அந்த பளிச் சத்தம் போயிருக்கும், அதான் நான் வெல கூடுனாலும் கோட்டிங் உள்ள செட்டுதான் போடுகேன்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா கூர்மையா கேக்கும், சுத்த நிக்கல் இதமா இருக்கும், நிக்கல் பூசுன ஸ்டீல் ரெண்டுக்கும் நடுவுல. புதுசா படிக்கவங்க 9-42 செட்டு (மெலிசுக் கம்பி 0.009 இஞ்சு, தடிக்கம்பி 0.042 இஞ்சு) போடுங்க, வளைக்க லேசு. 10-46 சத்தம் கொஞ்சம் கனமா வரும், ஆனா இழுவ கூடுறதால கழுத்து வளையும், டிரஸ் ராட (கழுத்துக்குள்ள வளைவச் சரி பண்ணுற தண்டு) லேசா திருப்ப வேண்டி வரலாம்.

அக்கூஸ்டிக் (கரண்டு இல்லாத சாதா கிட்டார்) செட்ட மட்டும் எலக்ட்ரிக்ல மாட்டிராதீங்க. கோயில் கொயர்ல ஒருக்கா நான் மாட்டி, பிக்கப் (கம்பிக்கு அடியில சத்தத்தப் பிடிக்கது) காந்தம் தடிக்கம்பி மேல சுத்துன வெண்கலத்தக் கண்டுக்காதுல்லா, தடிக்கம்பி நாலும் முனங்க மெலிசு ரெண்டும் கத்து கத்துனு கத்திச்சு.