நீங்கள் சொல்ல, இன்னொருவர் எழுத: கல்லூரித் தேர்வுக்குத் தயாராகும் முறை

எனக்குப் பதினோரு வயதில் பார்வை போனது. பன்னிரண்டாம் வகுப்பு, பி.ஏ. தமிழ், எம்.ஏ., பி.எட். என்று அதற்குப் பிறகு வந்த எல்லாப் பெரிய தேர்வுகளிலும் நான் சொன்னேன், வேறொருவர் எழுதினார். இப்போது மேல்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். ஜூன் பிறந்தால் கல்லூரியில் சேரும் பிள்ளைகள் போன் செய்து, “அக்கா, ஸ்கிரைப் கிடைப்பாங்களா?” என்று, சொல்வதை எழுதுபவரைப் பற்றிக் கேட்கிறார்கள். கிடைப்பார்கள். ஆனால் ஆள் கிடைத்த பிறகுதான் உண்மையான வேலையே இருக்கிறது. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் கடிதம். சேர்ந்த முதல் மாதத்திலேயே துறைத் தலைவர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதிவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூடிஐடி அட்டையின் நகலை இணையுங்கள். என்னென்ன வேண்டும் என்று தனித்தனியாகக் கேளுங்கள்: சொல்வதை எழுதுபவர், ஈடுசெய் நேரம் என்னும் கூடுதல் நேரம், தரைத்தளத்தில் தனி அறை, குறிப்பெடுக்கப் புள்ளிகளைக் குத்தி எழுதும் பிரெயில் சிலேட்டு. இன்டர்னல் தேர்வுகளுக்கும் இவை வேண்டும் என்று மறக்காமல் சேர்த்துவிடுங்கள். பலர் செமஸ்டர் தேர்வுக்கு மட்டும் கேட்டுவிட்டு, இன்டர்னலில் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். கடிதத்தின் இன்னொரு பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக “பாத்துக்கலாம்மா” என்று சொன்னவர் தேர்வன்று விடுப்பில் இருக்கலாம்.

இது சலுகை என்று நினைத்துத் தயங்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 17ஆம் பிரிவில், தேர்வில் கூடுதல் நேரத்தையும் எழுதுபவர் வசதியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடுசெய் நேரம் தர வேண்டும் என்று 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் சொன்னது. அதாவது 3 மணி நேரத் தேர்வு உங்களுக்கு 4 மணி நேரம். 40 சதவீதத்துக்குக் குறைவான பாதிப்பு உள்ளவர்களும் சோர்ந்துவிட வேண்டாம். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர் தொடுத்த வழக்கில், குறைந்தது 40 சதவீதப் பாதிப்பு இருந்தால்தான் எழுதுபவர் என்ற கணக்கைக் காட்டி மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எழுதுபவரைப் பற்றி இனி. எந்த அளவு படித்தவரை எழுத அனுமதிப்பார்கள் என்பதைத் தேர்வுப் பிரிவில் முன்பே கேட்டு, அதையும் எழுத்தில் வாங்குங்கள். என் பி.ஏ. முதல் செமஸ்டரில் கல்லூரியே ஒரு மாணவரை அனுப்பியது. நல்ல பையன், ஆனால் பள்ளியில் தமிழே படிக்காதவன். இலக்கணத் தாளில் நான் ‘ஒற்று’ என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டான். அந்தத் தாளில் எனக்குத் தெரிந்த விடைகளில் பாதிதான் காகிதத்துக்குப் போனது. அன்றிலிருந்து யார் எழுத வருகிறார் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, தேர்வுக்கு முன் இரண்டு மூன்று முறையாவது அவரோடு உட்கார்ந்துவிடுவேன்.

அந்தப் பழக்கம்தான் இந்தக் குறிப்பின் உயிர். பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரம் வைத்து, முழுதாகச் சொல்லி எழுத வையுங்கள். முதல் முறை மூச்சு முட்டும். எழுதுபவரின் கை உங்கள் வாயைவிட மெதுவாகப் போகும். ஒரு வாக்கியத்தை எழுத எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று பேனாவின் சத்தத்தை வைத்தே பிடிபட ஆரம்பிக்கும். பேனா நிற்கும்போது அடுத்த வாக்கியம் உங்கள் வாயில் தயாராக இருக்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு விஷயம். காதுக்கு ஒன்றாகக் கேட்கும் எழுத்துகளை இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று இருவரும் முன்பே பேசி வையுங்கள். நாங்கள் ‘ரெண்டு சுழி, மூணு சுழி, சின்ன ர, பெரிய ற’ என்று வைத்துக்கொண்டோம். அதையும் எல்லாச் சொல்லுக்கும் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. குழப்பம் வரும் இடத்தில் மட்டும் போதும். பத்தி மாற்ற மேசையில் ஒரு தட்டு, அடிக்கோடிட இரண்டு தட்டு. செய்யுள் மேற்கோள் என்றால் அடிக்கு அடி நிறுத்திச் சொல்லி, உடனே ஒருமுறை திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். மற்ற இடங்களில் திருப்பிப் படிக்க வைத்தால் நேரம் ஓடிவிடும்.

விடையின் எலும்புக்கூட்டை முதலில் பிரெயிலில் நான்கைந்து சொற்களாகக் குத்திக்கொள்வேன். பிரெயில் தெரியாதவர்கள் விரல் மடக்கி எண்ணிக்கொள்ளலாம். என் தோழி ஒருத்தி எம்.எஸ்சி. வரை அப்படித்தான் எழுதினாள்.

படிப்பதற்கான பொருள் பற்றிச் சுருக்கமாக: கணினித் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசம், தமிழும் படிக்கும். ஆசிரியர் தரும் நோட்ஸ் பழைய எழுத்துருவில் இருந்தால் அது வெறும் உளறலாகக் கேட்கும்; யூனிகோடில் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்த பக்கங்களைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் பெரும்பாலும் எழுத்தாகிவிடும், பிழைகள் இருக்கும். பார்வையற்றோருக்கான சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்திலும் தேடிப் பாருங்கள்.

தேர்வு நாள் வந்ததும் அரை மணி முன்பே போய் அறையைப் பார்த்துவிடுங்கள். அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும். மதியத் தேர்வு என்றால் 5 மணிக்கு மற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள். உங்களுக்கு 6 வரை நேரம் உண்டு என்பதைத் தேர்வு தொடங்கும் முன்பே அறைக் கண்காணிப்பாளரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். கடைசி நிமிடத்தில் சொன்னால் அவருக்கும் சிரமம், நமக்கும் பதற்றம். வாய் காய்ந்துபோகும், தண்ணீர் எடுத்துப் போங்கள். எழுதுபவருக்கும் ஒரு பாட்டில்.

கடைசிப் பத்து நிமிடத்தில் புது விடை எதையும் தொடங்காதீர்கள். பதிவு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் வினா எண்களை. எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் 17ஆம் வினாவுக்கான என் விடை 12 என்ற எண்ணின் கீழ் போய்விட்டது. தாளைக் கொடுத்து வெளியே வந்து, மரத்தடியில் எனக்காக எழுதிய பெண்ணும் நானும் கேள்விகளைப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அது தெரிந்தது. அவள் அழுதுவிட்டாள், தப்பு என்னுடையது, நான்தான் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு பதிவு எண், வினா எண், கூடுதல் தாள்களின் எண்ணிக்கை, தாள்களைச் சேர்த்துக் கட்டிய நூல் இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் ஒரு தடவல் — இவை முடியாமல் தாளை நான் கொடுத்ததில்லை.