மலைக்குளிரில் வெள்ளைப்புள்ளி: உப்பை அவசரப்பட்டு எடுக்காதீர்கள்

வெள்ளைப்புள்ளி என்பது மீனின் உடலில் உப்புமணி போல ஒட்டும் ஒட்டுண்ணி நோய். நோர்வே, ஸ்கொட்லாந்துக் கடற்கூண்டுகளில் சால்மன் மீதுள்ள பேன்களை ராஸ், லம்ப் மீன்கள் தின்னும். அதைப் போல இந்த ஒட்டுண்ணியையும் தின்னும் என்று நம்பி நம் சீமெந்துத் தொட்டிக்குள் 'டேங்க் கிளீனர்' எனும் உறிஞ்சுமீனை வாங்கி விடாதீர்கள். அது பாசிதான் தின்னும். பசித்தால் கோய் மீனின் மேல்வழுவழுப்பையே உறிஞ்சும்.

வெள்ளைப்புள்ளிக்குக் கல்லுப்பே போதும். தொட்டியின் நீளம், அகலம், நீர் ஆழத்தை மீற்றரில் பெருக்கி, அதை 1000 ஆல் பெருக்கினால் லீற்றர் கணக்கு. 1000 லீற்றருக்கு 3 கிலோ. நாளுக்கு ஒரு கிலோவாக, வாளியில் கரைத்து மூன்று நாளில் ஊற்றுங்கள். செடிகளை முன்பே எடுத்துவிடுங்கள்.

பலரும் பிழைவிடுவது இதற்குப் பிறகுதான். மீனில் ஒட்டியிருக்கும் புள்ளியை உப்பு தொடாது. அந்தப் புள்ளி உதிர்ந்து, பெருகி, நீந்திவரும் ஒட்டுண்ணிக் குஞ்சுகளைத்தான் உப்பு கொல்லும். 25 பாகை செல்சியஸில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக் குளிரில் 10 நாளையும் தாண்டும். புள்ளி மறைந்ததும் பீலித் தண்ணீரைத் திறந்துவிட்டு உப்பை வெளியேற்றினால் நோய் திரும்பும். உப்பை மூன்று வாரம் வையுங்கள். உப்பு ஆவியாகாது, நீர் வற்றினால் வெறும் நீரை ஊற்றுங்கள், 100 லீற்றர் மாற்றினால் மட்டும் 300 கிராம் சேருங்கள்.

கண்ணுக்குத் தெரியும் மீன்பேனுக்கு இது சரிவராது. சாவணத்தால் பிடுங்குங்கள்.