குழந்தை ஏறும் மட்டக்குதிரைக்குச் சேண விரிப்பு தேர்ந்தெடுக்கும் முறை

குழந்தைக்கென்று மட்டக்குதிரை வாங்கும் வீட்டில் சேணத்தைப் பற்றிப் பல நாள் பேசுவார்கள். சேணத்துக்கு அடியில் போடும் விரிப்பைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை. கடையில் குழந்தை கைகாட்டும் நிறத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். என் மகளின் மட்டக்குதிரைக்கு முதலில் வாங்கியது, பெரிய குதிரைக்கான அளவில் தைத்த, நல்ல கனமான, பார்ப்பதற்கு மிக அழகான விரிப்பு. மூன்றாவது வாரம் ஒரு நாள் சேணத்தை இறக்கியபோது, முதுகெலும்புக்கு இடப்புறம் ஒரு சாண் நீளத்துக்கு ரோமம் எதிர்த்திசையில் புரண்டு நின்றது. அங்கே விரலை வைத்ததும் தோல் வெடுக்கெனத் துடித்தது. காதுகள் பின்னுக்குச் சாய்ந்தன. விரிப்பைத் திருப்பிப் பார்த்தபோது அதே இடத்தில், சேணத்தின் எடையால் இறுகிப்போன மடிப்பு ஒன்று கயிறு போல நீண்டிருந்தது. அளவு பெரிதாக இருந்ததால் துணி சுருண்டு உள்ளே போயிருக்கிறது. அந்தக் குதிரை அதைச் சுமந்துகொண்டுதான் மூன்று வாரம் என் மகளை ஏற்றிக்கொண்டு நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டவற்றை, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

விரிப்பு வாங்குவதற்கு முன்

சேண விரிப்பின் வேலை எளிமையானது. வியர்வையை உறிஞ்சுவது, தோலுக்கும் சேணத்துக்கும் இடையே உராய்வைக் குறைப்பது, சேணத்தின் அடிப்பக்கத்தை அழுக்குப் படாமல் காப்பது, அசைவின் அதிர்ச்சியில் சிறு பங்கைத் தாங்குவது ஆகியவையே அதற்குரிய வேலைகள். பொருந்தாத சேணத்தைப் பொருந்த வைப்பது அதன் வேலையன்று. காலைக் கடிக்கும் செருப்புக்குள் தடித்த காலுறையைப் போட்டுக்கொண்டால் கடி அதிகமாகுமே தவிரக் குறையாது. குறுகலான சேணத்துக்கு அடியில் கனமான விரிப்பைத் திணித்தாலும் அதுவேதான் நடக்கும். சேணம் அகலமாக இருந்தால் கனமான விரிப்பு இடைவெளியை நிரப்பியது போலத் தோன்றும். ஆனால் குழந்தை ஏறி நாலடி நடந்ததும் சேணம் இருபுறமும் ஆடத் தொடங்கும்.

ஆகையால் முதல் வேலையாக, விரிப்பு எதுவும் இல்லாமல் வெறும் முதுகில் சேணத்தை வைத்துப் பாருங்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் எலும்பு சற்று உயர்ந்திருக்கும். அதைத் தோள்மேடு என்று வைத்துக்கொள்வோம். குழந்தை உட்கார்ந்த பிறகும் தோள்மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் இடையே பெரியவர்களின் இரண்டு அல்லது மூன்று விரல் நுழைய வேண்டும். பின்னால் குனிந்து பார்த்தால், சேணத்தின் நடுவே முதுகெலும்புக்கு மேலாகச் செல்லும் இடைவெளியில் மறுபக்கத்து வெளிச்சம் தெரிய வேண்டும். சேணத்தின் பின்முனை கடைசி விலாவைத் தாண்டக் கூடாது. குதிரைக்குப் பொதுவாக 18 இணை விலா எலும்புகள் உண்டு. வயிற்றுப் பக்கவாட்டில் விரலால் தடவிக் கடைசி விலாவைக் கண்டுபிடித்து, அது வளைந்து மேலேறும் வழியே போனால் முதுகில் எல்லை எங்கே என்பது தெரியும். முதுகு குட்டையான மட்டக்குதிரைகளில் இந்த எல்லை நாம் நினைப்பதைவிட முன்னாலேயே வந்துவிடும். இவற்றில் ஏதேனும் ஒன்று சரியாக இல்லாவிட்டால் விரிப்பை மறந்துவிட்டு, சேணம் பொருத்தத் தெரிந்தவரை அழைத்துக் காட்டுவதே நல்லது.

முதுகைக் கையால் அறியுங்கள்

குதிரையின் உயரத்தைக் கை என்ற அளவில் சொல்வது வழக்கம். ஒரு கை 4 அங்குலம். தோள்மேட்டில் அளக்கும்போது 14 கை 2 அங்குலம் வரை, அதாவது ஏறத்தாழ 147 செ.மீ. வரை உள்ளவற்றைப் பொதுவாக மட்டக்குதிரை என்கிறார்கள். சிறு குழந்தைகள் ஏறுபவை இதைவிட மிகவும் சிறியவை. ஷெட்லாண்ட் இனத்துக்கு உயர வரம்பு 42 அங்குலம். வெல்ஷ் மலை மட்டக்குதிரைக்கு 12 கை. ஆனால் உயரத்தைவிட முதுகின் வடிவமே விரிப்பைத் தீர்மானிக்கிறது. ஷெட்லாண்ட் போன்ற இனங்களில் தோள்மேடு தாழ்ந்து, முதுகு அகன்று, வயிறு பீப்பாய் போல உருண்டிருக்கும். அத்தகைய உடலில் சேணம் பக்கவாட்டில் உருளவும் முன்னுக்கு வழுக்கவும் பார்க்கும். வெல்ஷ் மட்டக்குதிரைகள் பலவற்றில் தோள்மேடு ஓரளவு தெளிவாகத் தெரியும்; அவற்றில் சேணம் இடத்தில் நிற்பது எளிது.

உள்ளங்கையைத் தோள்மேட்டிலிருந்து இடுப்பு வரை ஒரே சீரான அழுத்தத்தில், முதுகெலும்பின் இருபுறமும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். எங்கேனும் தோல் துடித்தாலோ, முதுகைக் கீழே தாழ்த்தினாலோ, திரும்பிக் கடிக்க வந்தாலோ அங்கே வலி இருக்கக்கூடும். சேணம் இருக்கும் இடத்தில் மட்டும் திட்டாக வெள்ளை ரோமம் முளைத்திருந்தால், முன்பு எப்போதோ அங்கே அழுத்தம் விழுந்து தோல் புண்பட்டிருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். இப்போது வலி தெரிந்தால் கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை சேணமே வேண்டாம்.

அளவெடுத்தல்

உறைகளில் ஷெட்லாண்ட், போனி, காப், ஃபுல் என்றெல்லாம் எழுதியிருக்கும். ஒரு நிறுவனத்தின் போனி அளவும் இன்னொரு நிறுவனத்தின் போனி அளவும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த எழுத்தை நம்பாமல் அளவுநாடாவை நம்புங்கள். நான் இப்போது பின்பற்றும் வழி இது. பழைய போர்வை ஒன்றை மட்டக்குதிரையின் முதுகில் விரித்து, அதன்மேல் சேணத்தை உரிய இடத்தில் வைத்து, சேணத்தின் ஓரத்தைச் சுற்றிலும் சுண்ணக்கட்டியால் கோடு போட வேண்டும். பிறகு அந்தக் கோட்டுக்கு வெளியே 2 முதல் 3 செ.மீ. விட்டு வெட்டிக்கொண்டால் அதுவே உங்கள் மாதிரி. கடைக்கு அதை எடுத்துச் சென்று விரிப்பின் மேல் வைத்துப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. இணையத்தில் வாங்குவதாக இருந்தால், முதுகுக்கோட்டின் நீளம், முதுகுக்கோட்டிலிருந்து கீழ்விளிம்பு வரையான இறக்கம் ஆகிய இரண்டையும் அந்த மாதிரியில் அளந்து, விற்பவர் தரும் அளவுகளோடு ஒப்பிடுங்கள்.

சுற்றிலும் விடும் அந்த 2, 3 செ.மீ. மிக முக்கியம். விரிப்பு அதற்குக் குறைந்தால் அதன் தையல் விளிம்பு சேணத்தின் அடித்திண்டுக்குள் போய்விடும்; எடை முழுதும் அந்த விளிம்பின் மேல் இறங்கும். அதற்கு மேல் அதிகமானால் பின்பகுதி இடுப்பில் தொங்கி உரசும், பக்கங்கள் கீழே நீண்டு குழந்தையின் காலுக்கும் குதிரையின் விலாவுக்கும் இடையே தடுப்பாக நிற்கும். ஆறு ஏழு வயதுக் குழந்தையின் கால் சேணத்தின் பக்கமடலுக்குக் கீழே எட்டுவதே அரிது. அந்தச் சிறிய கால் தரும் மெல்லிய அழுத்தம் துணியிலேயே அடங்கிவிட்டால், குதிரை நகரவில்லை என்று குழந்தை உதைக்கப் பழகிவிடும்.

வடிவமும் பொருளும்

வடிவத்தில் இரண்டு வகை உண்டு. சதுரமாக வெட்டியது ஒன்று. சேணத்தின் வடிவத்தையே பின்பற்றி வெட்டியது மற்றொன்று. சதுர விரிப்பு எளிதாகக் கிடைக்கும், அளவில் சிறு பிழை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். மிகச் சிறிய மட்டக்குதிரைக்கு நான் சேண வடிவ விரிப்பையே விரும்புகிறேன், ஏனென்றால் அந்தக் குட்டை முதுகில் தேவையற்ற துணிக்கு இடமே இல்லை. எதை எடுத்தாலும் விரிப்பை நடுத்தையலில் மடித்துப் பிடித்து, அந்தத் தையலின் கோட்டைப் பாருங்கள். நேர்க்கோடாக இருந்தால் தோள்மேட்டின் மேல் துணி இறுகி அழுத்தும். முன்னால் சற்று உயர்ந்து நடுவில் தாழ்ந்து முதுகின் வளைவைப் பின்பற்றினால் வாங்கலாம்.

பொருளைப் பொறுத்தவரை, தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை, உள்ளே மெல்லிய பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்த பருத்தி விரிப்புதான். வியர்வையை உறிஞ்சும், துவைக்க எளிது, விரலால் அழுத்தினால் 1 செ.மீ. அளவுக்கு மேல் கனம் இருக்காது. கம்பளி ஃபெல்ட் வியர்வையை நன்றாக வாங்கும், ஆனால் இயந்திரத்தில் துவைத்தால் சுருங்கிவிடும். ரோமத்தோடு கூடிய ஆட்டுத்தோல் மிக மென்மையானது. அதன் பருமனுக்கு ஏற்ற இடம் சேணத்தில் இருக்க வேண்டும் என்பதால் முதல் விரிப்பாக அதை வாங்க வேண்டாம். ஜெல், நுரைத் திண்டுகள் போன்றவற்றைச் சேணம் பொருத்துபவர் சொன்னாலன்றித் தொடவே வேண்டாம். குழந்தையின் எடை குறைவு. அதற்கு மெத்தை போன்ற கனம் தேவையில்லை. கனம் கூடக்கூடச் சேணம் முதுகைவிட்டு உயர்ந்து, உருண்டையான உடலில் எளிதாகப் புரளும், குழந்தையும் அதோடு சாயும்.

வழுக்காமல் இருக்க ரப்பர் புள்ளிகள் பதித்த விரிப்புகள் விற்கிறார்கள். உருண்டையான மட்டக்குதிரைக்கு அவை ஓரளவு உதவும். ஆனால் சேணம் தொடர்ந்து முன்னுக்கே வந்தால், வயிற்றுப்பட்டையின் அமைப்பையும், வாலடியில் மாட்டிச் சேணத்தைப் பின்னுக்குப் பிடிக்கும் வால்வாரையும் பற்றி யோசிக்க வேண்டும்.

கடையில் விரிப்பைக் கையில் எடுத்ததும் அதன் அடிப்பக்கத்தை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் அழுத்தித் தேயுங்கள். முடிச்சு, தடித்த தையல், நைலான் ஓரம், விறைப்பான பெயர்ச்சீட்டு எதுவானாலும் அங்கே தெரிந்துவிடும். உங்கள் தோலில் உறுத்துவது குதிரையின் தோலிலும் உறுத்தும். பக்கங்களில் உள்ள பட்டைகள் உங்கள் சேணத்தின் வார்களோடு சேரும் உயரத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை தாழ்வாக இருந்தால் விரிப்பு கீழ்நோக்கி இழுபட்டு முதுகெலும்பை அழுத்தும். இவையெல்லாம் சரியாக இருந்த பிறகு நிறத்தைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். வெளிர்நிறமாக இருந்தால் வியர்வையின் தடம் நமக்கு நன்றாகத் தெரியும் என்பதை மட்டும் சொல்லிவையுங்கள்.

போடுவதும் சோதிப்பதும்

முதுகைத் துலக்கி மண், வைக்கோல் துணுக்கு எதுவும் இல்லாமல் செய்த பிறகு, விரிப்பை உரிய இடத்தைவிடச் சற்று முன்னால் வைத்துப் பின்னோக்கி இழுங்கள். ரோமம் அதன் இயல்பான திசையில் படியும். அதிகமாகப் பின்னால் போய்விட்டால் முன்னே தள்ளாதீர்கள், தூக்கி மறுபடி வையுங்கள். சேணத்தை வைத்ததும், வயிற்றுப்பட்டையை இறுக்கும் முன்பே, விரிப்பின் நடுப்பகுதியை விரலால் மேலே தூக்கிச் சேணத்தின் நடு இடைவெளிக்குள் செருகிவிடுங்கள். தோள்மேட்டுக்கும் விரிப்புக்கும் இடையே காற்று போக வழி வேண்டும். பல புண்களைத் தடுப்பது இந்த ஒரு செயல்தான், பலரும் மறப்பதும் இதைத்தான். பிறகு இருபுறமும் துணிக்கு அடியில் கையைவிட்டு மடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

முதல் நாள் குழந்தையை ஏற்றிக் கயிறு பிடித்து 20 நிமிடம் நடத்தினால் போதும். ஐந்து நிமிடத்தில் ஒருமுறை நிறுத்தி, விரிப்பு பின்னால் நழுவியிருக்கிறதா, நடுப்பகுதி இறங்கி முதுகெலும்பில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இறக்கிய உடனே விரிப்பின் அடிப்பக்கத்தையும் முதுகையும் சேர்த்துப் பாருங்கள். இருபுறமும் ஒரே மாதிரி ஈரம் பரவி, நடுவில் முதுகெலும்பின் மேல் மட்டும் உலர்ந்த கோடு இருந்தால் நல்ல அறிகுறி. ஈரத்துக்கு நடுவே தனித்திட்டாக உலர்ந்த இடம் இருந்தால், அங்கே அழுத்தம் மிகுந்திருக்கலாம், அல்லது சேணம் தொடாமலேயே இருக்கலாம். கையால் அழுத்திப் பார்த்தால் எது என்று ஓரளவு புரியும். மெல்ல நடந்ததில் வியர்க்கவே இல்லையென்றால், புரண்ட ரோமம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

பராமரிப்பு

இரண்டு விரிப்புகள் வைத்துக்கொள்ளுங்கள். ஈரமான விரிப்பை மறுநாள் மறுபடி போட்டால் தோல் வெந்துபோகும். ஒவ்வொரு முறையும் ஒட்டிய ரோமத்தைத் துலக்கி, காற்றில் உலர்த்துங்கள். பருத்தி விரிப்பை மென்மையான சோப்பில் துவைத்து, சோப்பு முழுதும் போகும்வரை அலசுங்கள்; துணியை மென்மையாக்கும் திரவங்களைச் சேர்க்காதீர்கள். ஒரு குதிரையின் விரிப்பை இன்னொன்றுக்குப் போடக் கூடாது, ஏனென்றால் படர்தாமரை விரிப்பு வழியாகவே பரவிவிடும், அது குழந்தைக்கும் தொற்றக்கூடியது.

மட்டக்குதிரைகள் பசும்புல் கிடைக்கும் காலத்தில் விரைவாகக் கொழுத்துவிடும், குளிர்காலத்தில் அடர்த்தியான ரோமம் வளர்க்கும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் முதுகில் சேணத்தை வைத்துப் பார்க்கும் அந்த முதல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். விரிப்பையும் அப்போதே வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். பஞ்சு ஓரிடத்தில் திரண்டும் ஓரிடத்தில் தேய்ந்தும் தெரிந்தால் அதைச் சேணத்துக்கு அடியில் இனிப் போட வேண்டாம். சேணத்தை வைக்கும் தாங்கியின் மேல் போட்டுக்கொள்ளலாம்.