மர்ஃபி பட்டன்: பழைய குடல் இணைப்புக் கருவி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவ அருங்காட்சியகங்களிலும் பழம்பொருள் ஏலங்களிலும், ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு காளான் வடிவ உலோகத் துண்டுகள் கண்ணில் படும். சிகாகோ அறுவை மருத்துவர் ஜான் பி. மர்ஃபி 1892-ல் கொண்டுவந்த மர்ஃபி பட்டன் அது. பலரும் இதைத் தப்பாகவே விளக்குகிறார்கள்.

முதல் தவறு, வெட்டிய குடலின் இரு முனைகளையும் இந்த உலோகம்தான் காலமெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நினைப்பது. உண்மையில் இது கழன்று விழுவதற்காகவே செய்யப்பட்டது. ஒவ்வொரு முனையிலும் ஒரு பாதியை நுழைத்து, சுருக்குப்பையின் வாயை இழுப்பதுபோல ஒரு தையலால் குடலை அதன் தண்டைச் சுற்றி இறுக்குவார்கள். பிறகு இரண்டு பாதிகளையும் சேர்த்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். நடுவில் நசுங்கும் விளிம்புக்கு ரத்தம் போகாது. அது மெல்லச் செத்துவிடும். அதற்குள் அந்த விளிம்பைச் சுற்றி, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரு குடல் முனைகளின் வெளிச்சவ்வுகள் ஒட்டிவிடும். பெரும்பாலும் ஒரு வாரம் கடந்தபின், சில சமயம் இன்னும் தாமதமாக, பட்டன் கழன்று மலத்தோடு வெளியேறும். ஒரு பாதிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைக் கவனியுங்கள். திசு மெலிய மெலிய அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வது அதுதான். எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த இடமும் அதுவே.

அடுத்தது, இதை அரைகுறை வைத்தியம் என்று ஒதுக்குவது. மயக்க மருந்தே ஆபத்தாக இருந்த காலத்தில், நிதானமாகக் கையால் தைத்து முடிக்க எடுத்த நேரத்தை இது சில நிமிடங்களாகச் சுருக்கியது. பலவீனமான நோயாளிக்கு அது பெரிய விஷயம். அதற்காக இதைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். நடுத்துளை சிறியது, கெட்டியான மலம் அடைத்துக்கொள்ளும். இரைப்பையைக் குடலோடு இணைத்த இடத்தில் பட்டன் கீழே இறங்காமல் இரைப்பைக்குள்ளேயே விழுந்து தங்கியதும் உண்டு. விளிம்பு சரியாக உள்ளே மடியாவிட்டால் கசிவு வரும். வயிற்றுக்குள் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மர்ஃபி இதை முதலில் குடலோடு குடலை இணைக்கச் செய்தார் என்று எழுதுவதும் சரியல்ல. பித்தப்பையை முன்சிறுகுடலோடு இணைக்கத்தான் முதலில் யோசித்தார். ஸ்கேன் ரிப்போர்ட்டில் பித்தப்பை பற்றிய வரியில் வருகிற 'மர்ஃபி சைன்', அதாவது பித்தப்பை இருக்கும் இடத்தில் அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்க்கும் அறிகுறி, இவர் பெயரில்தான். குடலை உலோக வளையத்தால் இணைக்கும் யோசனையும் இவரோடு தொடங்கவில்லை. பிரான்சின் மார்செய் நகரத்து மருத்துவர் டெனான்ஸ் 1820-களிலேயே நாய்களிடம் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்.

சரி, ஒரு பட்டன் உங்கள் கைக்கே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பூட்டியிருந்தால் இழுத்துப் பிரிக்காதீர்கள். ஒரு பாதியின் தண்டில் உள்ள சின்ன ஸ்பிரிங் நாக்குகள் மறுபாதியின் திருகுமரையில் மாட்டியிருக்கும். அழுத்தினால் பூட்டும், திருகினால்தான் கழலும். இழுத்தால் நாக்கு வளைந்துவிடும், அப்புறம் அது வெறும் காட்சிப்பொருள். நிக்கல் பூச்சு இருந்தால் பித்தளைப் பாத்திரம் விளக்கும் பொடி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், பூச்சு போய்விடும்.

கடைசியாக, குடலை இணைக்கும் இன்றைய அறுவை ஸ்டேப்ளருக்கு இதுதான் நேரடி முன்னோர் என்கிற பேச்சு. ஸ்டேப்ளர் குடலில் உலோக ஊசிகளை விட்டுவைக்கிறது. அதன் வம்சாவளி 1908-ல் புடாபெஸ்டில் அறுவை மருத்துவர் ஹூமர் ஹூல்ட்ல் பயன்படுத்திய கனமான தையல் கருவியிலிருந்து வருகிறது. மர்ஃபியின் நசுக்கி ஒட்டவைக்கும் வழியில் வந்தவை வேறு: 1980-களில் வந்த, வேலை முடிந்ததும் உடலுக்குள் தானே துண்டுதுண்டாகிப் போகும் வளையம், குடலின் இரு பக்கமும் நின்று ஒன்றையொன்று இழுத்து அழுத்தும் இப்போதைய காந்தங்கள்.