மட்டமான படத்துக்கு வக்காலத்து வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்ட பேய்ப்படங்களிலும் விண்வெளிப் படங்களிலும் உயிரை வைத்திருப்பவர்கள் டெல்டாவில் எக்கச்சக்கம். வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார்கள். மன்னார்குடி டீக்கடையிலோ மாயவரம் ஜங்ஷன் பெஞ்சிலோ பேச்சு சினிமாப் பக்கம் ஒதுங்கும். ஒருத்தர் வாய் தவறி ‘ஜெகன்மோகினி’ என்பார். பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். உடனே நம்மாள் வக்காலத்து வாங்கக் கிளம்புவார். டீ ஆறுவதற்குள் கேஸ் தோற்றிருக்கும். படத்தைக் காட்டிலும் வாதம் மட்டமாக இருப்பதுதான் காரணம். அடிக்கடி காதில் விழும் அப்படிப்பட்ட வாதங்கள் சிலவற்றையும், அவற்றுக்குப் பதிலாக என்ன சொல்லலாம் என்பதையும் பார்ப்போம்.

இரக்கம் கேட்பது

“என்ன பண்றது மாமா, கையில காசு இல்ல, அதான் அப்படி எடுத்துட்டான்.” எல்லோரும் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான். நீட்டிய கணமே தோல்வி. டிக்கெட் வாங்கியவருக்குத் தயாரிப்பாளரின் பாஸ்புக் எதற்கு? காசில்லை என்று சொல்வதோடு நிறுத்தாமல், காசில்லாத அந்த நிலை திரையில் என்ன செய்தது என்று காட்ட வேண்டும்.

‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ (1962) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் ஹெர்க் ஹார்வி கான்சாஸ் மாநிலத்தில் ஒரு நிறுவனத்துக்குத் தொழில் விளக்கப் படங்களும் பள்ளிக்கூடப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர். யூட்டாவின் பெரிய உப்பு ஏரிக்கரையில் பாழடைந்து நின்ற சால்ட்டேர் கேளிக்கை மண்டபத்தை வழியில் பார்த்தார். அதைச் சுற்றிக் கதை பின்னி, சுமார் 33,000 டாலரில் முடித்துவிட்டார். செட் போடக் காசில்லாததால் அந்த நிஜப் பாழ்மண்டபமே செட். பேய்களின் தலைவனாக அவரே முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு வந்தார். பின்னணிக்கு வாத்தியக் குழு கிடையாது, ஆர்கன் இசைதான். கதாநாயகியோ தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். அந்த வாசிப்பு அவள் தலைக்குள் கேட்கிறதா வெளியே கேட்கிறதா என்று நமக்குக் கடைசிவரை பிடிபடாது. சுற்றியுள்ளவர்களின் விறைத்த நடிப்பும் கூட, இந்த உலகத்தோடு ஒட்டாமல் போய்விட்ட ஒருத்தியின் கதைக்குக் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. பத்து மடங்கு காசு கொடுத்திருந்தால் ஹார்வி இந்தப் படத்தைக் கெடுத்திருப்பார் என்பது என் கட்சி.

ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) பிட்ஸ்பர்க் பக்கத்து ஒரு பண்ணை வீட்டில் கிட்டத்தட்ட 1,14,000 டாலரில் எடுக்கப்பட்டது. ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் அது சிரப் என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஒரே வீடு, பலகை அடித்த ஜன்னல்கள், உள்ளே அடித்துக்கொள்ளும் மனிதர்கள். வெளியே இருப்பவற்றைவிட உள்ளே இருப்பவர்களிடம்தான் பயம் வரும். ஊரை விட்டு ஊர் போய்ப் படமெடுக்கக் காசு இருந்திருந்தால் இந்த நெருக்கடி வந்திருக்காது.

எல்லாப் படத்துக்கும் இது செல்லாது என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள். ‘மேனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்’ (1966) என்று ஒன்று. எடுத்தவர் டெக்சாஸ் மாநில எல் பாசோவில் உரம் விற்றுக்கொண்டிருந்த ஹரால்ட் வாரன். பேய்ப்படம் எடுப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை என்று பந்தயம் கட்டி இறங்கினார். (நம்மூர்க் கடைத்தெருவில் யூரியா மூட்டைக்கும் டி.ஏ.பி. மூட்டைக்கும் நடுவே உட்கார்ந்து சினிமாக் கதை பேசாத உரக்கடைக்காரர் உண்டா? இவர் எடுத்தே விட்டார்.) சாவி கொடுத்து ஓட்டும் கேமரா, ஒரு தடவைக்கு 32 வினாடிதான் ஓடும். ஒலிப்பதிவு கிடையாது, பிறகு நாலைந்து பேர் உட்கார்ந்து எல்லோருக்கும் குரல் கொடுத்தார்கள். ராத்திரிக் காட்சிகளில் லைட்டைச் சுற்றி விட்டில்கள் மொய்க்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு நம் வாசல் பல்பைப் பார்த்தவனுக்கு அது பேய்ப்படமாகவே தெரியாது. இங்கே வறுமை ஒன்றையும் உருவாக்கவில்லை. இதை நேசிக்கலாம், நானும் நேசிக்கிறேன். நல்ல படம் என்று மட்டும் சாதிக்காதீர்கள்.

அட்டை தெரிவதைக் குற்றமென்று ஒத்துக்கொள்வது

இது பெரிய தவறு. எதிராளி “ரப்பர் மாஸ்க் அப்பட்டமா தெரியுதே” என்பார். நாமும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு “ஆமா, கொஞ்சம் தெரியும்” என்போம். தெரிந்தால் என்ன?

தஞ்சாவூர் பக்கத்து மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் நடக்கும். பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மர் வரும் கட்டத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் இந்தக் கேள்வியையே கேட்க மாட்டார்கள். அது முகமூடி என்று கூட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். கோயிலில் வைத்துப் பூஜை செய்யும் முகமூடி அது. அணிபவர் விரதமிருந்து அணிகிறார். ஆவேசம் மிஞ்சினால் பிடித்துக்கொள்ள ஆட்கள் கூடவே நிற்பார்கள். உள்ளே இருப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்றுகூட ஊருக்குத் தெரியும். அப்படியும் தூணிலிருந்து வெளிப்படும்போது முன்வரிசை பின்னுக்கு நகரும். தெரிவதும் நடுங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவை என்பதற்கு நம் மண்ணில் இதைவிடச் சாட்சி வேண்டாம். கூத்துப் பார்த்து வளர்ந்தவனிடம் வந்து “மாஸ்க் தெரியுது” என்று சொன்னால், தெரியட்டும், அது என்ன செய்கிறது என்று பாரய்யா என்பதுதான் பதில்.

பி.விட்டலாச்சார்யாவின் ‘ஜெகன்மோகினி’ (1978) இந்தக் கணக்கில் சேரும். தெலுங்கில் எடுத்துத் தமிழ் பேசி வந்த படம். விறகுக்குப் பதிலாகப் பேய் தன் காலையே அடுப்புக்குள் நீட்டி எரித்துச் சமைக்கும் காட்சியைப் பார்த்த யாரும் மறக்கவில்லை. தந்திரக் காட்சி என்று எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிடும். இருந்தாலும் அடுப்படி, விறகு, சமையல் என்று வீட்டில் தினம் புழங்கும் இடத்துக்குள் பேயைக் கொண்டுவந்து உட்காரவைத்த யோசனை இருக்கிறதே, அது எந்தக் கம்ப்யூட்டருக்கும் வராது. அதைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குத் தனியாகப் போகப் பயந்த பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஏராளம். வாதம் செய்ய வேண்டிய இடம் இதுதான்: தந்திரத்தை விட்டுவிட்டு யோசனையைப் பிடியுங்கள்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து எடுத்த ‘தி ஜங்கிள்’ (1952) படத்தில் ஆதிகால மாமூத் யானைகள் வரும். நம் யானைகளுக்கே ரோமப் போர்வை போர்த்தி நடக்கவிட்டார்கள். ‘ரோபாட் மான்ஸ்டர்’ (1953) இதற்கும் ஒரு படி மேல். இயந்திர மனிதன் செய்யக் காசில்லாமல், சொந்தமாகக் கொரில்லா உடை வைத்திருந்த நடிகரைக் கூப்பிட்டுத் தலைக்கு ஒரு ஹெல்மெட் மாட்டிவிட்டார்கள். உலகத்தையே அழித்த அந்த ஜீவன் மேடு ஏறி இறங்கி மூச்சு வாங்கும். சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் காதைத் திறந்து வையுங்கள்: இசை எல்மர் பெர்ன்ஸ்டைன், மூன்றே வருடத்தில் ‘டென் கமாண்ட்மென்ட்ஸ்’ படத்துக்கு இசையமைத்தவர்.

காவியம் என்று தூக்கி நிறுத்துவது

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. “மறைக்கப்பட்ட மாஸ்டர்பீஸ்” என்று ஆரம்பித்தால் கேட்பவர் அந்த உயரத்தை எதிர்பார்த்து உட்காருவார், பத்தாவது நிமிடம் எழுந்து போவார். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’ (1963) காவியம் இல்லை. ஆனால் ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே வருடத்தில், சங்கீதம் தெரியாத வேற்றுக்கிரகத்தார் பாடத் தெரிந்த ஒருத்தியைத் தேடிப் பூமிக்கு வருவதாகத் தமிழில் யோசித்திருக்கிறார்கள். தங்கம் வேண்டாம், நிலம் வேண்டாம், பாட்டு வேண்டும்! பறக்கும் தட்டு தை மாதத்தில் திருவையாற்றுப் பக்கம் இறங்கியிருந்தால் ஆராதனைப் பந்தலிலேயே மொத்தமாக அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். இந்த ஒரு யோசனையைச் சொல்லுங்கள், போதும். மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

சிரிப்பை மட்டும் விற்பது

“அவ்ளோ மோசம், அதனாலயே சூப்பர்” என்பது இப்போதைய பாணி. அன்பு மாதிரி தெரியும், பெரும்பாலும் அன்பில்லை. எட் உட் இயக்கிய ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ படத்துக்கு 1980ல் வந்த ஒரு புத்தகம் உலகின் படுமோசமான படம் என்று பட்டம் கட்டியது. அதிலிருந்து சிரிப்பதற்கென்றே கூட்டம் கூடியது. சிரிக்க அதில் நிறைய இருக்கிறது: கல்லறைக் கற்கள் ஆடும், பகலும் இரவும் ஒரே காட்சிக்குள் மாறி மாறி வரும். படத்துக்குப் பணம் போட்டது பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபையார். அவர்களுக்குப் பிடிக்காததால் தலைப்பையே மாற்றினார்கள்.

சிரிப்பவர்கள் கவனிக்காத ஒன்று அதே படத்தில் உண்டு. 1931ல் டிராகுலாவாக உலகை மிரட்டிய பேலா லுகோசி, மார்ஃபின் பழக்கத்திலும் கடனிலும் நொடித்துப்போய் 1956 ஆகஸ்டில் இறந்தார். அவரை வைத்து எட் உட் எடுத்து வைத்திருந்தது சில நிமிட ஊமைக் காட்சிகள்தான். ஒரு கிழவர் சிறிய வீட்டிலிருந்து வெளியே வருகிறார், ஒரு பூவைப் பறித்து முகர்கிறார். அந்தத் துண்டுகளைத் தூக்கிப்போட மனமில்லாமல் அவற்றைச் சுற்றி ஒரு முழுப்படத்தைக் கட்டினார் எட் உட். மிச்சக் காட்சிகளுக்குத் தன் மனைவியின் முதுகெலும்பு வைத்தியரைக் கூப்பிட்டு, முகத்தை மேலங்கியால் மறைத்துக்கொண்டு நடக்கச் சொன்னார். உயரமும் பொருந்தாது, சாயலும் பொருந்தாது. சிரியுங்கள், தப்பில்லை. பூ வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் இருப்பவரைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.

கதை கட்டிவிடுவது

அதே படத்தின் பறக்கும் தட்டுகள் சாப்பாட்டுத் தட்டு என்பார்கள், கார் சக்கர மூடி என்பார்கள். அவை கடையில் விற்ற பிளாஸ்டிக் பொம்மைகள். ரசிகனே தவறான தகவல் சொல்லி மாட்டிக்கொண்டால் மற்ற வாதங்களும் சேர்ந்து படுத்துவிடும். விட்டலாச்சார்யாவிடம் கால்ஷீட்டில் தகராறு செய்த நடிகரை அவர் கதையிலேயே கிளியாகவோ ஆடாகவோ மாற்றிவிட்டு மிச்சப் படத்தை முடித்தார் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. ரொம்ப நல்ல கதை. கதை என்றே சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

விமர்சகர்களைத் திட்டுவது

“அவனுங்களுக்கு என்ன தெரியும்?” என்பது வாதமே இல்லை. நிறையத் தெரியும், பல சமயம் நம்மைவிட. ரொமேரோவின் படத்தை ‘வெரைட்டி’ பத்திரிகை வந்த சூட்டிலேயே கடுமையாகச் சாடியது. 1999ல் அதே படம் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம் பிடித்தது. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் எழுதியதைப் பலரும் படத்தைத் தாக்கிய விமர்சனம் என்றே மேற்கோள் காட்டுவார்கள். படித்துப் பார்த்தால், அவர் கோபம் பகல் காட்சிக்குச் சின்னப் பிள்ளைகளைத் தனியே உள்ளே விட்டதன் மேல். பிள்ளைகள் அழுததை அவர் எழுதியிருக்கும் விதத்தைவிடப் பெரிய சான்றிதழ் ஒரு பேய்ப்படத்துக்குக் கிடைக்குமா? திட்டிய விமர்சனத்தை முழுதாகப் படியுங்கள். உங்களுக்கு வேண்டிய வாதம் பல சமயம் அதற்குள்ளேயே கிடக்கும்.

எல்லாவற்றையும் காப்பாற்ற நினைப்பது

ஏழ்மை வேறு, சோம்பல் வேறு. ‘காஞ்சனா’ (2011), ‘யாமிருக்க பயமே’ (2014), ‘அரண்மனை’ (2014) ஓடிய பிறகு வருடக்கணக்கில் அதே பங்களா, அதே வெள்ளைப் புடவை, இடைவேளைக்குப் பின் அதே முன்கதை என்று வந்துகொண்டே இருந்தன. அவற்றில் முக்கால்வாசிக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அவற்றிடம் காசு இருந்தது, யோசனைதான் இல்லை. பழைய படங்களிலும் மோகினி என்ற பெயரில் கேமரா எங்கெல்லாம் மேய்ந்தது என்பதை மழுப்ப வேண்டாம். அந்தப் படத்தை நேசிக்கிறவர் அதை முதலில் தானே சொல்லிவிடுவது நல்லது, எதிராளி சொல்லக் காத்திருக்கக் கூடாது.

தப்பான நேரத்தில் போட்டுக் காட்டுவது

டூரிங் கொட்டகையில் பகல் காட்சி கிடையாது, கூரைக்குள் வெளிச்சம் வந்துவிடும். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு முடிந்து, இருட்டிய பிறகுதான் படம். சுற்றிலும் வயல், தவளைச் சத்தம், மணல் தரை. மட்டமான பேய்ப்படம் பாதிப் பலத்தை அந்த இருட்டிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. அதே படத்தை இன்று மத்தியானம் மூன்று மணிக்குச் செல்போனில், நடுவே ரீல்ஸ் பார்த்துக்கொண்டு பார்த்துவிட்டு “பயமே வரலையே” என்றால் எங்கிருந்து வரும்?

பிரதியும் முக்கியம். தலைப்பை மாற்றும்போது காப்புரிமைக் குறிப்பு விட்டுப்போனதால் ரொமேரோவின் படம் பொதுச் சொத்தாகிவிட்டது. ஆளாளுக்குப் பிரதி எடுத்ததில் தேய்ந்துபோன பிரதிகள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. வண்ணம் பூசியதும் உண்டு, அந்தப் பக்கமே போகாதீர்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து மீட்டு 2016ல் காட்டிய பிரதியைத் தேடிப் பிடியுங்கள்.

வரிசையும் யோசிக்க வேண்டியதே. முதல் தடவை பார்க்க வருபவருக்கு ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ போடுங்கள். ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து, விளக்கணைத்துவிட்டு, முன்னுரை எதுவும் இல்லாமல். முடிந்ததும் “எப்படி?” என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். ரெண்டு நாள் கழித்து “அண்ணே, அந்தத் தண்ணிக்குள்ளேர்ந்து ஒரு மூஞ்சி எழுந்திரிக்குமே” என்று அவரே ஆரம்பித்தால், அடுத்தது ‘பிளான் 9’. ‘மேனோஸ்’ கடைசியில். வந்திருப்பவர் உரக்கடைக்காரர் என்றால் முதலிலேயே போடலாம்.